விளாத்தி: ஒரு சாதி, ஓர் இனம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர் எமது கல்லூரியின் பழைய மாணவி, வைத்தியர்.)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "வைத்தியம் சம்பந்தமாக ஏதாவது பேசுங்கோ, ஆனால் நீரிழிவு வேண்டாம், அதைப் போன முறையும் கேட்டாச்சு" என்று சொன்னார். அதனால் நான் ஒரு மரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். நீரிழிவு ஒரேயோர் இடத்தில் மட்டும் தலையைக் காட்டும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரம் விளாத்தி. சிலர் விளா என்பார்கள். சிங்களத்தில் திவுல். ஆங்கிலத்தில் வூட் அப்பிள். தாவரவியலாளர் தருகிற பெயர் லிமோனியா அசிடிசிமா. லிமோனியா என்பது சாதி, அசிடிசிமா என்பது இனம். லிமோனியா என்ற சாதியில் இன்று ஏற்றுக்கொள்ளப்பட்டிருப்பது இந்த ஓர் இனம் மாத்திரமே. அதாவது அந்த வீட்டுக்கு ஒரே பிள்ளை.

இலங்கையில் தமிழ் மொழிமூலம் உயிரியல் படித்தவர்களுக்கு இந்தப் படிநிலை மனப்பாடம்: இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம். தமிழ்நாட்டில் படித்தவர்கள் சாதியைப் பேரினம் என்றும் இனத்தைச் சிற்றினம் என்றும் சொல்வார்கள். நெருங்கிய உறவுள்ள இனங்களை ஒரு சாதிக்குள் வைப்பார்கள். ஆலும் அரசும் அத்தியும் பைக்கஸ் என்ற ஒரே சாதியைச் சேர்ந்தவை; அந்தச் சாதியில் ஏறக்குறைய 800 இனங்கள் உண்டு. அப்படியான பெருங்குடும்பங்களுக்கு நடுவே விளாத்தி தனியாக நிற்கிறது.

சாதி என்ற சொல் எங்கள் சமூகத்தில் சுமந்து வந்த பாரம் எல்லோருக்கும் தெரியும். உயிரியல் வகுப்பில் அந்தச் சொல் வந்தபோது பின்வாங்கில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதும் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் தாவரவியலின் சாதிக்கு இரண்டு குணங்கள் உண்டு. அது யாருக்கு யார் உறவு என்பதை மட்டுமே சொல்லும். யார் மேல், யார் கீழ் என்று சொல்லாது. இரண்டாவது, புதிய சான்று கிடைத்தால் நாளைக்கே அதை மாற்றி எழுதலாம். ஊரில் உள்ள சாதிக்கு இந்த இரண்டு குணங்களும் இல்லை.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காக மரத்தைச் சற்று விவரித்துவிடுகிறேன். விளாத்தி எங்கள் உலர் வலயத்து மரம். மெதுவாக வளரும். கிளைகளில் நேரான கூரிய முள்கள் இருக்கும். இலை கூட்டிலை, பெரும்பாலும் 5 அல்லது 7 சீறிலைகள், இணையிணையாகவும் நுனியில் ஒன்றுமாக இருக்கும். ஓர் இலையைக் கசக்கி மணந்து பாருங்கள். தேசி இலையின் உறவு உடனே தெரியும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எண்ணெய்ச் சுரப்பிகள் சிறு புள்ளிகளாகத் தெரியும். தேசி, தோடை, கறிவேப்பிலை எல்லாம் அடங்கிய ரூட்டேசியே என்ற குடும்பத்தின் அடையாளம் அது. பூ சிறியது, மங்கிய நிறம், யாரும் பறித்துச் சூடுவதில்லை. பழத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை: சாம்பல் வெள்ளை நிறத்தில், மரம் போலக் கடினமான ஓடு; உள்ளே மண்ணிறக் களி, அதில் நிறையச் சிறிய விதைகள். பழுத்ததா என்று அறிய ஓரடி உயரத்திலிருந்து நிலத்தில் போட்டுப் பார்ப்பார்கள். துள்ளினால் காய், துள்ளாமல் கிடந்தால் பழம்.

நடனம் பயின்ற பிள்ளைகள் இந்தப் பழத்தைத் தெரியாமலே கையில் பிடித்திருக்கிறார்கள். பரதத்தின் ஒற்றைக்கை முத்திரைகளில் ஒன்றான கபித்தம் என்பது விளாவின் வடமொழிப் பெயர். பிள்ளையாருக்குப் படைக்கும் பழங்களிலும் விளாம்பழம் உண்டு. ஊர்ப் பெயர்களிலும் இருக்கிறது. மட்டக்களப்பில் விளாவெட்டுவான், கம்பஹாவில் திவுலப்பிட்டிய. ஆக, இரண்டு மொழிக்காரரும் நெடுங்காலமாக நன்கு அறிந்த மரம். அப்படிப்பட்ட மரத்துக்கு உலகம் முழுவதும் ஏற்கக்கூடிய ஒரு விஞ்ஞானப் பெயரைத் தீர்த்துவைக்க எவ்வளவு காலம் எடுத்தது தெரியுமா? 1753 முதல் 1978 வரை, 225 ஆண்டுகள்.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சுவீடன் தேசத்து லின்னேயஸ்தான் இன்றைய இரட்டைப் பெயர் முறையை நிலைநிறுத்தியவர். அவர் தொழிலால் வைத்தியர், உப்சாலாவில் மருத்துவப் பேராசிரியர். இலங்கைக்கு அவர் வந்ததே இல்லை. ஆனால் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எப்படி? 1670களில் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக இங்கே வேலை செய்த பவுல் ஹெர்மன் என்பவர் செடிகளைப் பறித்து, அழுத்தி, உலர்த்தி, தாளில் ஒட்டிக் கொண்டுபோயிருந்தார். அந்தத் தாள்களைப் பார்த்தே லின்னேயஸ் எழுதினார். அந்தத் தாள்கள் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஹெர்மனும் வைத்தியர், லின்னேயஸும் வைத்தியர் என்பதைக் கவனியுங்கள். அக்காலத்தில் மருந்து என்றால் செடி. செடியின் பெயர் பிழைத்தால் மருந்து பிழைக்கும். அதனால்தான் பெயரிடும் வேலையில் வைத்தியர்கள் இறங்கினார்கள்.

1753இல் வெளிவந்த தன் பெரிய நூலில் லின்னேயஸ் ஸ்கைனஸ் லிமோனியா என்றொரு பெயரை எழுதினார். ஸ்கைனஸ் என்பது தென்னமெரிக்க மரங்களின் சாதி. மா, மரமுந்திரிகை ஆகியவற்றின் குடும்பம். கூட்டிலையைப் பார்த்து அங்கே வைத்திருக்க வேண்டும். எங்கள் வில்வத்தையும் அதே நூலில் கிரட்டேவா என்ற சாதியில் வைத்தார். கிரட்டேவா எது? எங்கள் மாவிலங்கு. வில்வத்துக்கும் மூன்று சீறிலை, மாவிலங்குக்கும் மூன்று சீறிலை. இலையை மட்டும் எண்ணினால் இரண்டும் உறவு போலத்தான் தெரியும். பூவையும் பழத்தையும் திறந்து பார்த்தால் உறவு இல்லை என்று விளங்கிவிடும்.

1762இல், தன் நூலின் இரண்டாம் பதிப்பில், அவர் லிமோனியா என்ற புதிய சாதியை அமைத்து, லிமோனியா அசிடிசிமா என்று எழுதினார். அசிடிசிமா என்றால் இலத்தீனில் மிகமிகப் புளிப்பானது. ஆனால் அந்த விவரிப்புக்குள் இரண்டு மரங்கள் கலந்துபோயின. கொச்சியில் ஒல்லாந்த ஆளுநராக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் வைத்தியர்களின் உதவியுடன் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளியிட்ட மலபார்த் தாவர நூலில் ஒரு முள்மரத்தின் படம் இருந்தது. தேசியின் உறவான இன்னொரு மரம் அது. இன்று அதன் பெயர் நரிங்கி கிரெனுலேட்டா. தமிழ்நாட்டில் மகாவில்வம் என்பார்கள். அந்த மரத்தின் தகவலும் விளாவின் தகவலும் ஒரே பெயரின் கீழ் வந்து சேர்ந்தன. அடுத்த இரண்டு நூற்றாண்டுக் குழப்பத்துக்கு வித்து இங்கேதான் விழுந்தது.

1800இல் லண்டனில் வாழ்ந்த போர்த்துக்கேயப் பாதிரியாரும் தாவரவியலாளருமான கொரேயா த செரா, விளாவையும் வில்வத்தையும் ஒன்றாக எடுத்து ஆராய்ந்தார். இரண்டும் தோடையின் குடும்பம்தான், ஆனால் ஒவ்வொன்றும் தனிச் சாதியாக நிற்கத் தகுதியுள்ளது என்று காட்டினார். வில்வத்துக்கு ஏகிள் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது: ஏகிள் மார்மெலொஸ். அதுவும் இன்று ஓர் இனம் மட்டும் உள்ள சாதியே. விளாவுக்கு உரோமரின் வனதேவதை ஒருத்தியின் பெயரைக் கொடுத்து பெரோனியா எலிபன்டம் என்றார். யானைக்குரியது என்று பொருள். யானை விளாம்பழத்தை விரும்பித் தின்னும். யானை உண்ட விளாம்பழம் என்ற எங்கள் பழமொழி வழக்கில் வரும் வேழம் என்பது, ஓட்டை விட்டு உள்ளீட்டை மட்டும் அழிக்கும் ஒரு நோயின் பெயர் என்றும் தமிழில் விளக்கம் சொல்வார்கள். ஓடு முழுதாக இருக்கும், உள்ளே ஒன்றும் இராது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் விளா பெரோனியாவாகவே வாழ்ந்தது. 1870களில் ஹூக்கர் வெளியிட்ட பிரித்தானிய இந்தியத் தாவர நூலின் முதல் தொகுதியில் விளா பெரோனியா எலிபன்டம். லிமோனியா அசிடிசிமா என்ற பெயரோ மகாவில்வத்துக்குப் போய்விட்டது. 1893இல் பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் டிரைமன் எழுதிய இலங்கைத் தாவரக் கைநூலிலும் விளா பெரோனியாதான். 1914இல் தேசிக் குடும்பத்தின் பெரிய நிபுணரான அமெரிக்கர் சுவிங்கிள், முதலில் வைத்த பெயருக்கே உரிமை என்ற விதியைச் சுட்டி, 1753இன் இனப் பெயரை மீட்டு பெரோனியா லிமோனியா ஆக்கினார்.

கடைசியில் 1978இல் ஸ்டோன், நிக்கல்சன் என்ற இரு தாவரவியலாளர் ஒரு கட்டுரையில் வழக்கைத் தீர்த்தனர். லிமோனியா என்ற சாதிப் பெயர் 1762ஐச் சேர்ந்தது, பெரோனியா 1800ஐச் சேர்ந்தது. லிமோனியா என்ற பெயருக்கு ஆதாரமாக நிற்க வேண்டிய மரம் விளாவே. ஆகவே பெரோனியா தேவையில்லை. அப்படியானால் 1753இன் இனப் பெயரைச் சேர்த்து லிமோனியா லிமோனியா என்று எழுதலாமே என்று நீங்கள் கேட்கலாம். விலங்கியலில் எழுதலாம், கொறில்லாவின் பெயரே கொறில்லா கொறில்லாதான். தாவரவியல் விதி அதை அனுமதிக்காது. ஆகவே லிமோனியா அசிடிசிமா. இலங்கைத் தாவரங்களின் திருத்திய கைநூலில் 1985இல் இந்தக் குடும்பத்தை எழுதியவரும் அதே ஸ்டோன்தான். ஆனாலும் பல மூலிகை நூல்களில் இன்றும் பெரோனியா என்றே அச்சாகிறது.

இவ்வளவு பெயர் மாற்றமா என்று சலித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் சங்கத்தின் அங்கத்தவர் பதிவேட்டைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் திருமணத்துக்கு முன்னைய பெயர் என்று ஒரு நிரல் இருக்கிறது. அது இல்லாவிட்டால் மெல்பேணில் இருக்கும் ஒரு திருமதியும், எங்களோடு வலைப்பந்து விளையாடிய பிள்ளையும் ஒருவரே என்று யார் கண்டுபிடிப்பது? தாவரவியலாளரும் அந்த நிரலை வைத்திருக்கிறார்கள். பழைய பெயர் எதையும் அவர்கள் அழிப்பதில்லை. எந்தப் பெயரை எவர், எந்த ஆண்டில், எந்த நூலில் வைத்தார் என்று வரிசையாக எழுதிவைக்கிறார்கள். அந்த வரிசை இருப்பதால் 1893இன் டிரைமனையும் இன்றைய ஆய்வுக் கட்டுரையையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே மரத்தைப் பற்றியே பேசுகின்றன என்று நாங்கள் உறுதியாகச் சொல்லலாம்.

சரி, விளா ஏன் தனிச் சாதி? தோடம்பழத்தை வெட்டினால் சுளை சுளையாகப் பிரியும். சூலகம் பல அறைகளாகப் பிரிந்திருப்பதால் அப்படி. விளாம்பழத்தை உடைத்துப் பாருங்கள், சுளை இல்லை. சூலக அறைகளின் நடுச்சுவர்கள் முழுமையாக நிற்காமல் ஒன்றாகிவிடுவதால் உள்ளே ஒரே அறை, ஒரே களி. வில்வம்பழத்துக்கும் ஓடு கடினம்தான். ஆனால் அதற்குள் அறைகள் உண்டு, ஒவ்வொன்றிலும் விதைகளைச் சூழப் பசை இருக்கும். வில்வத்தின் பூவில் கேசரங்கள் மிகப் பல, விளாவில் கொஞ்சம். வில்வத்தின் இலையில் மூன்று சீறிலை, விளாவில் ஐந்து, ஏழு. நாங்கள் ஆறாம் வகுப்பில் வரைந்த இணைக்கவர்ச் சுட்டியில் இரண்டே படியில் பிரிந்துவிடும்.

கடின ஓட்டைப் பார்த்து சுவிங்கிள் விளாவையும் வில்வத்தையும் ஒரே துணைப்பிரிவில் வைத்திருந்தார். பிற்காலத்தில் பச்சையவுருமணியின் மரபணுக்களை ஒப்பிட்டவர்கள் வேறு விதமாகக் கண்டார்கள். விளா, வில்வத்தின் பக்கத்தில் நிற்காமல், தேசி தோடையின் பக்கத்தில் போய் நிற்கிறது. கடின ஓடு இரண்டு கிளைகளிலும் தனித்தனியே உருவாகியிருக்க வேண்டும். ஆக, தனியாக நிற்கும் சாதிக்கும் உறவு உண்டு. எந்த உறவு என்பதை ஓட்டைத் தட்டிப் பார்த்து மட்டும் சொல்ல இயலாது.

இந்தப் பாடத்தின் அடிப்படையை எனக்குக் கற்பித்தது இந்தக் கல்லூரிதான். தொண்ணூறுகளில் நாங்கள் உயர்தரம் படித்த காலம் எப்படியிருந்தது என்று என் வயதினருக்குத் தெரியும். மின்சாரம் இல்லை. ஆய்வுகூடத்தில் ஸ்பிரிட் இல்லை. நுணுக்குக்காட்டியை யன்னலோரம் வைத்து வெயிலைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். எங்கள் தாவரவியல் ரீச்சர் அதற்காகப் பாடத்தை நிறுத்தவில்லை. வளவுக்குள் கூட்டிக்கொண்டு போவார். "பெயரைச் சொல்லாதேங்கோ பிள்ளைகள், முதலில் கண்டதைச் சொல்லுங்கோ" என்பார். இலை எத்தனை, எதிரெதிரா ஒன்றுவிட்டொன்றா, மணம் என்ன, பால் வருமா, பூவில் கேசரம் எத்தனை. எல்லாம் சொல்லி முடிந்த பிறகே பெயர். பிற்காலத்தில் மருத்துவபீடத்தில் நோயாளியின் கட்டிலருகே நின்று கற்றதும் இதே ஒழுங்கைத்தான். முதலில் கண்டதைச் சொல், பிறகு நோயின் பெயரைச் சொல்.

ரீச்சர் ஒவ்வொருவரையும் செடிகளைப் பழைய பேப்பருக்குள் அழுத்தி உலர்த்தி ஒரு கொப்பியில் ஒட்டவைத்தார். பேப்பருக்கும் அப்போது தட்டுப்பாடு. என் கொப்பியில் முப்பதுக்கு மேல் செடிகள் இருந்தன; விளா இலையும் இருந்தது. 1995 இடம்பெயர்வில் அந்தக் கொப்பி போய்விட்டது. என் வகுப்புத் தோழிகளின் கொப்பிகளும் போய்விட்டன. ஹெர்மன் 1670களில் ஒட்டிய தாள்கள் 350 ஆண்டு கழித்தும் இருக்கின்றன. எங்களுடையவை 3 ஆண்டு கூட இருக்கவில்லை. அவருடைய தாள்களை ஒரு நிறுவனம் பொறுப்பெடுத்து ஓர் அலுமாரியில் வைத்துப் பூட்டியது. எங்களுடையவற்றுக்கு அப்படி ஓர் அலுமாரி வாய்க்கவில்லை.

இனி நான் முன்னர் சொன்ன நீரிழிவு.

சில காலத்துக்கு முன் வயதான அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். நீரிழிவுக்குக் குளிசை எடுப்பவர். சில நாட்களாகத் தலைச்சுற்று, வியர்வை, கைநடுக்கம். சர்க்கரை குறைந்து போகிறதோ என்று சந்தேகித்து, வேறு ஏதாவது எடுக்கிறீர்களா என்று கேட்டேன். "ஒண்டுமில்லைப் பிள்ளை, விளாம்பழத் தூள்தான். மகள் வெளியிலிருந்து அனுப்பினவள். சாப்பாடுதானே" என்றார். அடுத்த முறை போத்தலைக் கொண்டுவரச் சொன்னேன். மேலே பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் வூட் அப்பிள் என்றிருந்தது. பின்னால் சின்ன எழுத்தில் ஏகிள் மார்மெலொஸ் என்றும், இலைத்தூள் என்றும் இருந்தது.

அது விளாம்பழம் இல்லை. வில்வ இலை. வில்வ இலைக்கு இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை உண்டென்று விலங்குகளில் செய்த ஆய்வுகள் பல உள்ளன. குளிசையோடு சேர்த்து எடுப்பவர் கவனமாக இருக்க வேண்டும். நான் அம்மாவை ஏசவில்லை. தூளை நிறுத்தச் சொல்லி, சர்க்கரையைக் கிரமமாகப் பார்த்து, குளிசையின் அளவையும் சரிசெய்தோம். மகளுக்கும் தொலைபேசியில் விளங்கப்படுத்தினேன். மகள் எங்களைப் போல ஒரு பள்ளியில் படித்தவர்தான். ஆங்கிலப் பெயரை நம்பி, அம்மாவுக்கு ஊர்ப் பழம் என்று அன்போடு அனுப்பியிருக்கிறார்.

தமிழில் விளாவும் வில்வமும் ஒருபோதும் குழம்புவதில்லை. சிங்களத்தில் திவுலும் பெலியும் குழம்புவதில்லை. ஆங்கிலத்தில் வூட் அப்பிள் என்று இரண்டையும் சொல்கிறார்கள். யானை அப்பிள் என்ற ஆங்கிலப் பெயரும் விளாவுக்கு உண்டு. அதே பெயர் வேறொரு குடும்பத்து மரத்துக்கும் உண்டு. பர்மாவில் பெண்கள் முகத்தில் பூசும் தனாக்கா என்ற பூச்சு, மகாவில்வத்தின் பட்டையிலிருந்தும் செய்யப்படுகிறது, விளாவின் பட்டையிலிருந்தும் செய்யப்படுகிறது. லின்னேயஸ் கலந்த அதே இரண்டு மரங்கள், இன்று கடையில் ஒரே பெயரில். அந்தப் பூச்சினால் ஒருவருக்குத் தோல் சிவந்தால் எந்த மரம் என்று வைத்தியர் கேட்காமல் இருக்க முடியாது.

குடும்பம் தெரிந்தால் எங்கே கவனம் வேண்டும் என்பதும் தெரியும். தேசிக் குடும்பத்தின் கிறேப்புறூட் பழச்சாறு சில இரத்த அழுத்த மருந்துகளின் அளவை உடலில் உயர்த்திவிடும் என்பது 1989இல் தற்செயலாகவே வெளிவந்தது. இன்று எத்தனையோ மருந்துகளின் துண்டுப் பிரசுரத்தில் அந்த எச்சரிக்கை இருக்கிறது. ஒரு செடி யாருக்கு உறவு என்று தெரிந்தால், எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்றும் தெரியும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள், குறிப்பாக வெளிநாட்டில் இருக்கும் அக்காமாரிடம். ஊர் மூலிகை என்று எதை வாங்கினாலும் போத்தலின் பின்பக்கத்தில் உள்ள இலத்தீன் பெயரைப் பாருங்கள். அந்தப் பெயர் இல்லாத போத்தலை வாங்க வேண்டாம். எந்தப் பகுதி என்றும் பாருங்கள். பழம் வேறு, இலை வேறு, வேர் வேறு. உங்கள் வைத்தியரிடம் அந்தப் பெயரையே சொல்லுங்கள். ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ உள்ள வைத்தியருக்கு விளா என்றால் விளங்காது. லிமோனியா அசிடிசிமா என்றால் தேடிப் பார்ப்பார். அதேவேளை விளா என்ற பெயரையும் விடாதீர்கள். இலத்தீன் பெயர் வந்த நாளிலிருந்து குழம்பித் தெளிந்தது. விளா என்ற பெயர் அந்தக் குழப்பத்தில் ஒரு நாளும் அகப்படவில்லை. இரண்டு பெயரும் சேர்ந்து இருந்தால்தான் பாதுகாப்பு.

ஒரே இனம் உள்ள சாதி என்பதற்கு இன்னோர் அர்த்தமும் உண்டு. பைக்கஸில் ஓர் இனம் அழிந்தால், அது பெரிய நட்டம்தான், ஆனாலும் அந்தச் சாதி இருக்கும். விளா அழிந்தால் லிமோனியா என்ற சாதியே இராது. மாற்றுக்கு ஒரு பிள்ளை இல்லை. விளா இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் மரமல்ல. உலர் வலயம் எங்கும் இருக்கிறது. ஆனால் அதற்குள்ளேயே பெரிய பழமும் உண்டு, சிறிய பழமும் உண்டு. இனிப்பும் உண்டு, பல்லைக் கூசவைக்கும் புளிப்பும் உண்டு. வளவைத் துப்புரவாக்கும்போது முள்மரம் என்று முதலில் வெட்டப்படுவதும் அதுதான். ஒவ்வொரு பழைய மரத்தோடும் அந்த வேறுபாடுகளில் ஒன்று போகிறது.

நூற்றாண்டுக்குச் சங்கம் மண்டபம் திருத்துகிறது, நூலகத்துக்குக் கணினி கொடுக்கிறது. மிகவும் நல்லது. அவற்றோடு செலவில்லாத மூன்று வேலைகளையும் சேர்த்துக்கொள்ளும்படி செயற்குழுவைக் கேட்கிறேன்.

முதலாவது, கல்லூரி வளவிலுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பெயர்ப் பலகை: தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், இலத்தீன் பெயர், குடும்பம். ஆணி அடிக்காமல் கம்பால் நட்டுவைக்க வேண்டும்.

இரண்டாவது, தரம் 12 உயிரியல் மாணவிகள் ஆண்டுக்குப் பத்துச் செடிகளையாவது உலர்த்தித் தாளில் ஒட்டி, எங்கே எடுத்தது, எந்தத் திகதி, யார் எடுத்தது என்று எழுதிவைக்கட்டும். அந்தத் தாள்களுக்குப் பூட்டும் அலுமாரி ஒன்றை எங்கள் வகுப்பினர் தருகிறோம். ஒவ்வொரு தாளிலும் பிரதி ஒன்று எடுத்து, பேராதனையில் உள்ள தேசிய உலர்தாவர நிலையத்தில் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டுப் பார்ப்போம். ஒரே இடத்தில் வைத்த பொருளுக்கு என்ன நேரும் என்று எங்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, ஒரு விளாத்தி. விதையிலிருந்து வளர்ந்த விளா காய்க்க 15 ஆண்டு வரை செல்லலாம். இன்று நட்டால், இப்போது பிறந்திருக்கும் ஒரு பிள்ளை இங்கே உயர்தரம் படிக்கும்போது முதல் பழம் விழும். துள்ளுகிறதா இல்லையா என்று அவள் பார்த்துக்கொள்வாள்.

மரம் நடுவதற்கு இடத்தை அதிபர் காட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வேலிக்கு அருகில் வேண்டாம் என்பது மட்டுமே அவருடைய நிபந்தனை. முள் வெளியே போகிறவர்களுக்குக் குத்துமாம். ஏற்றுக்கொள்கிறோம்.